வெள்ளை க்ரெசிடா

இந்த வருஷம் மரத்துக்கு யார்மேல் கோபமோ,
கொட்டித் தீர்த்தது.
முதல் வாரம் வாளியில் அள்ளினேன்.
இரண்டாம் வாரம், பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பழைய தொட்டியில்.
மூன்றாம் வாரம் என் கையில் வாளியைக் கண்டதும்
எதிர்வீட்டு ரூபாவதி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

ஊறுகாய் பதினெட்டுப் பாட்டில்.
குளிர்பெட்டியில் இறைச்சி இருந்த இடமெல்லாம் மாங்கூழ்.
மிச்சம் குரங்குகளுக்கு:
ஒரு கடி, வீசு, அடுத்த பழம்.
பணக்காரச் சாப்பாடு.

டோங்காட்டின் ஜனவரி வெயில் காயவைக்காது, அவிக்கும்.
கடல் பக்கம், கரும்பு அதைவிடப் பக்கம்,
காற்று பிழியாத துணி.
தகரக் கூரையில் பரப்பிய முதல் தட்டு
மூன்றாம் நாள் சவரம் செய்யாத கன்னம்போல்
சாம்பல் முளைத்து நின்றது.
இரண்டாம் தட்டை மின்னடுப்பில் வைத்தேன்.
மின்வெட்டு அட்டவணையை நான் பார்க்கவில்லை,
அது என்னைப் பார்த்திருக்கிறது.

அப்புறம்தான் கார்.

அண்ணன் தயாநிதி பெர்த்துக்குப் போகையில் விட்டுப்போனது.
"ஒரே மாசம், வித்துப் பணத்தை அனுப்பு."
பதினாலு மாசம்.
பேட்டரி செத்து, டயர் குந்தி,
கண்ணாடி நாலும் ஏற்றிய நிலையில்
வெயிலில் நின்றது.
உள்ளே கிடந்த குடையை எடுக்கக் கதவைத் திறந்தேன்.
சூடு முகத்தில் அறைந்தது.
ஓரடி பின்வாங்கினேன்.
பிறகு யோசித்து, ஈரடி முன்னால் போனேன்.

சுண்டுவிரலில் பாதிக் கனம்,
எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகாய்த்தூள்.
பின்கண்ணாடிக்கு அடியில் இரண்டு தட்டு,
இருக்கைகள்மேல் கொசுவலை, வலைமேல் துண்டுகள்.
ஈரம் வெளியேற ஜன்னலை ஒரு விரல் இறக்கினேன்,
அந்த விரலளவுக்கும் வலை.
டாஷ்போர்டில் அண்ணன் ஒட்டிய குட்டி முருகனைப்
பெயர்க்க மனசில்லை.
ஒரு பழம் போச்சென்று மலையேறியவர்,
சுற்றிலும் நூற்றுப்பத்துத் துண்டு அடுக்கினேன்,
இந்த முறை யாரும் உலகைச் சுற்ற வேண்டாம்.

குரங்குகள் பானெட்டில் உட்கார்ந்து
கண்ணாடிக்குள் பார்த்தன,
நகைக்கடை வாசலில் நிற்கிறவர்களைப்போல.

வெள்ளிக்கிழமை வெருலத்திலிருந்து மபூசோ வந்தான்,
கடைச் சுவரில் யாரும் கிழிக்காத
என் பழைய விளம்பரத்தோடு.
எஞ்சினைக் கேட்கவில்லை, மைல்கணக்கைக் கேட்கவில்லை.
கதவைத் திறந்தான். "ஹாவ்!"
அனுமதி கேட்காமல் ஒன்றை எடுத்துப்
பல்லால் இழுத்தான். "பில்டாங் மாதிரி இருக்கே."
இன்னொன்று.
மூன்றாவதை எடுத்தபிறகு சொன்னான், எட்டாயிரம் ராண்ட்.

இன்றைக்கு முடியாது, புதன்கிழமை வா,
இன்னும் நடுவில் ஈரம் இருக்கு என்றேன்.
அவன் குனிந்து சிரித்தான்.
அவன் அம்மா வீட்டில் கொய்யா மரமாம்,
ஏப்ரலில் பன்றிகூடத் திரும்பிப் பார்க்காதாம்.
"இந்தப் பின்சீட்டு மடங்குமா?"
மடங்கும் என்றேன்.
தட்டு எத்தனை கொள்ளும் என்று
சாண் வைத்து அளந்தான்.

மூன்று மணி. மரத்தின் நிழல் பின்கதவைத் தொட்டது.
அவனே கைப்பிரேக்கை இறக்கினான்,
நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்,
தட்டு சரியாமல், மெல்ல, மெல்ல.
குந்திய டயர் முனகிக்கொண்டு
வெயிலுக்குள் வந்தது வண்டி.
முப்பது ராண்ட் கொடுத்து
ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனான்.

ராத்திரி அண்ணன் கூப்பிட்டான்.
பெர்த்தில் விடியல், அவன் குரலில் காபி.
"வண்டி நகர்ந்துச்சா?"
நகர்ந்துச்சு.
"அட! எவ்வளவுக்கு?"
மூன்றடி என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாயில் ஒரு துண்டு.
சீக்கிரம் மெல்லுகிற சரக்கில்லை அது.